எண்ணிக்கை யாருடையது?

ஒரு விபத்தில் கை போனால் அதற்கு ஒரு நாள் உண்டு, நேரம் உண்டு, பார்த்தவர்கள் உண்டு. எந்த இயந்திரம், சுவிட்சைப் போட்டது யார் என்று விசாரிக்கலாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கை போனால் இதெல்லாம் கிடையாது. எந்த அசைவில் காயம் பட்டது என்று கேட்டால், தனியாக எதிலும் இல்லை என்பதுதான் உண்மையான பதில். அப்படியென்றால் இந்தக் காயத்துக்கு யார் பொறுப்பு?

இந்த வலி கம்ப்யூட்டரோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1713-இல் அதை விரிவாக்கியபோது எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையின் மாறாத அசைவு, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம் என மூன்று காரணங்களைச் சொன்னார். அவருக்குத் தெரிந்த நோட்டரி ஒருவருக்கு வலது கை செயலிழந்தது. இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அதற்கும் அதே கதி.

இருநூறு ஆண்டுகள் கழித்து தந்தி ஆபரேட்டர்களின் முறை. சாவியைத் தட்டித் தட்டி அவர்களின் கை இழுத்துக்கொண்டது. பிரிட்டன் 1908-இல் இதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களில் சேர்த்தது. 1911-இல் அஞ்சல் துறையின் குழுவோ, திரும்பத் திரும்ப வரும் களைப்பும் அந்த ஆளின் நரம்புக் கோளாறும் சேர்ந்துதான் இது வருகிறது என்றது. பாதிப் பழி தொழிலாளியின் தலையில். 1980-களில் ஆஸ்திரேலியாவில் தட்டச்சு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாகக் கைவலியோடு வந்தபோதும், எல்லாம் மனசில்தான் இருக்கிறது என்று வாதிட்ட மருத்துவர்கள் இருந்தார்கள்.

இந்த வாதத்தை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. ஒரே வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, ரெண்டு பேருக்குத்தான் வலிக்கிறது. உடல்வாகு, தூக்கம், கவலை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதலில் யாருக்கு வலிக்கும் என்பதைத்தான் அவை சொல்லும். மெல்லிய கிளை முதலில் முறிந்தது என்பதற்காகக் காற்றே அடிக்கவில்லை என்று ஆகிவிடாது.

தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியான 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் ஒரு கற்பனைச் சூழலைத் தருகிறார். ஆயிரம் வதையாளர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொரு வதையாளரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அது ஒவ்வொரு கைதியின் வலியையும், அவருக்கே தெரியாத அளவு மட்டும் கூட்டுகிறது. கடைசியில் எல்லாக் கைதிகளும் கடும் வேதனையில். 'என்னால் யாருக்கும் கூடுதலாக வலிக்கவில்லை' என்று ஒவ்வொரு வதையாளரும் சொல்லிக்கொள்ளலாம். ஒரு செயலைத் தனியாக எடைபோட்டால் போதாது, அது எந்தத் தொகுப்பின் பகுதி என்று பார்க்க வேண்டும் என்பது பார்ஃபிட்டின் பதில். நம் விஷயத்தில் சிக்கல் ஒரு படி கூடுதல். ஆயிரம் பொத்தான்களையும் அழுத்துவது வலிப்பவரின் சொந்தக் கை.

பீடி சுற்றுவதை எடுத்துக்கொள்வோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் மடியில் சுளகை வைத்துக் குனிந்திருப்பார்கள். இலையை வெட்டணும், தூளை வைத்துச் சுருட்டணும், முனையை மடக்கணும், நூல் கட்டணும். ஒரு பீடிக்கு நாலு வேலை என்றால் ஆயிரம் பீடிக்கு நாலாயிரம். கூலி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். வேகமாகச் சுற்று என்று யாரும் பின்னால் நிற்பதில்லை. நினைத்தால் எழுந்து போகலாம். கை வலிக்கலையா என்று சின்ன வயதில் என் பெரியம்மாவிடம் கேட்டபோது, "கைன்னா கடுக்கத்தாம்ல செய்யும்" என்றாள். துண்டுக்கூலியில் வேகத்தைத் தீர்மானிக்கும் ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த வேலையைக் கூலியே பார்த்துக்கொள்கிறது. எண்ணிக்கை குறைந்தால் வீட்டுச் செலவு இடிக்கும் என்ற நிலையில், 'யாரும் வற்புறுத்தவில்லையே' என்ற வாக்கியம் உண்மையாகவும் இருக்கிறது, அநியாயமாகவும் இருக்கிறது.

எனக்கும் மணிக்கட்டில் வலி வந்தது. அலுவலகத்தில் செங்குத்து மவுஸ் தந்தார்கள், மேஜை உயரத்தைச் சரிசெய்தார்கள். அதையெல்லாம்விடப் பெரிய வசதி, நடுவில் எழுந்து டீ குடிக்கப் போனால் என் சம்பளம் குறையாது என்பது. என் வலிக்கு ஆர்.எஸ்.ஐ என்று மூன்றெழுத்துப் பெயர் இருக்கிறது. பெரியம்மாவுடையது கடைசிவரை வெறும் கடுப்புதான்.

இதில் என் தொழிலுக்கு வேறொரு பங்கும் உண்டு. கிடங்கில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பொருள் எடுத்தார், அழைப்பு மையத்தில் ரெண்டு அழைப்புகளுக்கு நடுவே எத்தனை நொடி போனது என்றெல்லாம் எண்ணுவது மென்பொருள். எண்ணுவதில் தப்பில்லை. ஆனால் திரையில் சராசரி என்று தோன்றிய எண் சீக்கிரமே இலக்காகிவிடுகிறது. யார் வைத்த இலக்கு என்று கேட்டால் மேலாளர் 'சிஸ்டம் காட்டுது' என்பார். நிரல் எழுதியவர் 'கேட்டதைச் செஞ்சு கொடுத்தேன்' என்பார். பார்ஃபிட்டின் பொத்தான்காரர்களும் இப்படித்தான் பேசுவார்கள். கலிஃபோர்னியாவில் 2022-இல் நடைமுறைக்கு வந்த ஏபி 701 என்ற சட்டப்படி, பெரிய கிடங்குகள் தங்கள் இலக்கு என்ன என்று தொழிலாளிக்கு எழுத்தில் தர வேண்டும்; கழிப்பறைக்குப் போக விடாத இலக்கை வைக்கக் கூடாது. கேட்க அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இலக்கை எழுதிக் கொடுத்துவிட்டால், அது தானாக வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

நோயாளியிடம் 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்றும் கேட்க வேண்டும் என மருத்துவர்களுக்குச் சொன்னவர் ராமஸினி. முன்னூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது 'ஒரு நாளைக்கு எத்தனை, அந்த எண்ணை யார் வைத்தது?' என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். கை வலிக்கிற ஒருவரிடம் 'கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க' என்று சொல்வது சுலபம். ரெஸ்ட் எடுத்தால் அவருக்கு அன்றைக்கு என்ன குறையும் என்று அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.