மனநோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணா?

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கை முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறோம். அப்போதெல்லாம் 'அல்லாஹ்வின்மீது பாரத்தைப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருப்போம்' என்று எவரும் சொல்வதில்லை. அதே பிள்ளை வாரக்கணக்கில் உறங்காமல், உண்ணாமல், எவரோடும் பேசாமல் மூலையில் முடங்கிக் கிடந்தால் மட்டும் நமக்குத் தவக்குல் நினைவுக்கு வந்துவிடுகிறது!

பழநியை அடுத்த கீரனூரையே எடுத்துக்கொள்வோம். பழநியிலும் திண்டுக்கல்லிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. ஆனால், பஸ் ஏறுமுன்பே ஒரு கேள்வி வழியை மறித்து நிற்கிறது: 'விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் சம்பந்தம் பேச வருவார்கள்?' மனநோய்களில் பாதிக்குமேல் 25 வயதுக்கு முன்பே தொடங்குகின்றன. கலியாண வயதை எண்ணி நாம் மூடி மறைக்கும் ஆண்டுகளே நோய் வேரூன்றும் ஆண்டுகள் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஈமான் குறைவா?

'தொழுகையும் திக்ரும் இருந்தால் உள்ளம் ஏன் வாடப்போகிறது?' என்று சிலர் கேட்கிறார்கள். இறை நினைவால் உள்ளங்கள் அமைதி பெறும் என்பது திருமறையின் வாக்கு, அதில் ஐயமில்லை. ஆனால் மகனைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று சொல்வதும் அதே திருமறையன்றோ! அந்த நபியின் ஈமானில் குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும்? புத்தி பேதலித்தவருக்கு அது தெளியும்வரை குற்றம் எழுதப்படுவதில்லை என்பதும் நபிமொழி. ஆகவே மனநோய் ஒரு நோய், பாவமன்று.

ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள். அவ்வழி வந்த அபூ ஜைது அல்பல்கீ, பத்தாம் நூற்றாண்டிலேயே உடல்நலத்தோடு உளநலத்தையும் சேர்த்து நூல் எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார்.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களா? சொந்த பந்தங்கள்தாமே! ஷிஃபா கிடைக்கும் என்று நம்பியதில் தவறில்லை. மருந்தில்லாமல் சங்கிலியோடு விட்டுவந்ததே தவறு.

பின்னாளில் அதே ஏர்வாடி தர்ஹாவில், மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் 'தவா-துஆ' திட்டம் ஏற்பட்டது. அங்கே ஓதுவதும் நிற்கவில்லை, மருந்தும் கிடைத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அரசின் மனநலச் சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. நோயாளியின் விவரம் வெளியே போகாமல் காக்கவும் வகை செய்கிறது.

ஜமாஅத்தின் பொறுப்பு

தற்கொலை ஹராம் என்று பயான் செய்கிறோம். செய்யவேண்டியதுதான். ஆனால் வாழ்வு கசந்த பிள்ளை தன் பாரத்தை இறக்கிவைக்க நம் மஹல்லாவில் ஓர் ஆள் உண்டா? 2022 முதல் 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை நடைபெறுகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க என்ன செலவாகும்? ஜும்ஆவில் இமாம் ஒருமுறை சொன்னால் எத்தனை தாய்மார்களின் தயக்கம் நீங்கும்! ஓதிப் பார்க்க வரும் பிள்ளையிடம் ஆலிம், 'ஓதுகிறேன். டாக்டரையும் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். துணைக்கு ஆளில்லாத வீட்டாரோடு ஜமாஅத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிவரை போய் வரட்டும். நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள ஹக்கு அல்லவா? மனம் நொந்தவர் மட்டும் அந்தக் கணக்கில் சேரமாட்டாரா?

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு ஷிஃபாவையும், அதைத் தேடிப் புறப்படும் துணிவை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.