கூரைக்குக் கீழே

வானத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கூரை ஓர் எல்லை. 1988-இல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளின் கூரிய கண்ணுக்கும், சுமார் 36 மீட்டர் நீள அகலமுள்ள நிலம் ஒரே புள்ளிதான். வயல் தெரிந்தது, உழவன் தெரியவில்லை. 2019-இல் சென்ற கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் அளவையும் பிரித்துக் காணும். ஆயினும் அதன் பார்வையும் கூரையோடு நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலையோ, சுவர்களுக்குள் நுழைகையில் சோர்ந்து போகிறது.

மனிதன் விடுவானா? வைஃபை, புளூடூத் கருவிகளைக் கட்டிடத்துக்குள்ளேயே பொருத்தி, அலையின் வலிமையை அளந்து, ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்று கணக்கிடக் கற்றுக்கொண்டான்.

இதை நான் பழிக்கவில்லை. மருத்துவமனைச் செவிலி ஒருத்தி ஆபத்து வேளையில் தன் அட்டையிலுள்ள பொத்தானை அழுத்தினால், அவள் நிற்கும் அறைக்கே உதவி ஓடி வருகிறது. ஆனால், அவள் களைத்துப்போய் உட்கார்ந்த பத்து நிமிடத்தையும் அதே அட்டை குறித்து வைக்க முடியும். கருவிக்கு இரண்டும் ஒன்றே. நமக்கும் ஒன்றாகிவிடலாமா?

'எங்கே இருக்கிறாய்?' என்று தாயும் கேட்கிறாள், எசமானனும் கேட்கிறான். தாயிடம், 'ஏன் அம்மா கேட்கிறாய்?' என்று திருப்பிக் கேட்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். அந்த உரிமை இருக்கும்வரை அதற்குப் பெயர் அக்கறை. அது பறிபோன இடத்தில், எவ்வளவு இனிய பெயர் சூட்டினாலும் அது காவல்தான். செவிலியின் பொத்தான் அவள் விரலில் இருக்கிறது. குறிப்பேடு பிறர் கையில் இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டை அவளும் புரட்டிப் பார்க்கட்டும். ஏன் எழுதினீர்கள் என்று கேட்கட்டும். அதன் பிறகு கூரைக்குக் கீழே எத்தனை கண்கள் இருந்தாலும் நான் அஞ்சமாட்டேன்.