எழுவாய் இல்லாத வாக்கியம்

சர்வர் அறையில் ‘ரிடண்டன்சி’ நல்ல சொல். ஒரு கருவி பழுதானால் பாரத்தை ஏற்றுக்கொள்ள இன்னொன்று தயாராக இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். அதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் மன்றாடுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அதே சொல் மனிதவளத் துறையின் கடிதத்தில் வந்தால், வேலை போயிற்று என்று அர்த்தம்.

பிரிட்டனில் இச்சொல்லுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1965இல் இதற்கான இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குறிப்பிட்ட வகை வேலையைச் செய்ய ஆட்கள் தேவைப்படுவது நின்றாலோ குறைந்தாலோ அது ‘ரிடண்டன்சி’ என்கிறது. அந்த ஆள் நல்லவரா, திறமைசாலியா என்ற பேச்சே அங்கே இல்லை. மிகையானது பதவி, மனிதர் அல்ல.

இதை வெறும் வார்த்தை ஜாலம் என்று நானும் ஒரு காலத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் ஒருவனை ‘வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க’ என்றால் அடுத்த கேள்வி, ‘என்ன பண்ணினான்?’ என்பதுதான். அந்தக் கேள்வியை இந்த ஆங்கிலச் சொல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அது சின்ன உதவி இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காகச் செலவுக் குறைப்புத் திட்டம் ஒன்று தயாரித்தேன். எக்செல் தாளில் ‘எஃப்டிஇ’ என்று ஒரு பத்தி. கீழே கூட்டுத்தொகை 6.5. அந்த அரை, பாதி நேரம் வேலை பார்த்த ஒரு பெண். மீதி ஆறில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைத் தம்பி என்பார்; அவரிடமிருந்தே ஒட்டிக்கொண்டு நானும் அவரை அண்ணை என்பேன்.

மேலாளர் கடிதத்தை வாசித்து முடித்த அன்று மாலை, கார் நிறுத்துமிடத்தில் கேட்டார்.

“தம்பி, அப்ப என்னை நிப்பாட்டிப்போட்டீங்களோ?”

“இல்லண்ணை, உங்க ரோல்தான் ரிடண்டன்ட் ஆயிருக்கு.”

“அந்த ரோலை 14 வருசமாச் செய்தது நான்தானே?”

என்னிடம் பதில் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் ஆங்கிலத்தின் மீது பழியைப் போட்டுக்கொண்டு வந்தேன். தமிழ் வினையில் விகுதி இருக்கிறது, செய்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். அவர் ‘நிப்பாட்டிப்போட்டீங்களோ’ என்றபோது அந்த ‘நீங்கள்’ என் சட்டையைப் பிடித்தது உண்மை. ஆனால் வேலை போச்சு, வேலை முடிஞ்சுது, வேலை நின்னுபோச்சு என்று தமிழிலும் எத்தனை வழி! தன்வினைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நம் மொழியில் தாராளமாக இடம் உண்டு. எனக்குப் பழக்கப்பட்ட மறைவிடம் ஆங்கிலமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் சொல்லில் இரண்டு கேள்விகள் இருந்தன என்று பிறகுதான் புரிந்தது. என்மேல் ஏதும் பிழையா என்பது ஒன்று. இதைச் செய்தது யார் என்பது மற்றது. முதல் கேள்விக்கு ‘உங்கள் பதவிதான் மிகை’ என்பது நேர்மையான விடை. நான் அதையே இரண்டாவதற்கும் கொடுத்தேன். அங்கே அது பொய். எந்தப் பிரிவை மூடலாம் என்று பரிந்துரைத்தது நான்; வேறு இரண்டு வழிகளையும் கணக்கிட்டுப் பார்த்து ஒதுக்கியதும் நான். திட்டம் தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. அதனால்தான் அன்று ‘நான்’ என்று சொல்லியிருக்க வேண்டும்; சரி என்று நம்பிச் செய்த காரியத்துக்கு எழுவாயாக நிற்கத் தயங்குவானேன்?

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தேன். “அண்ணை, அந்தப் பட்டியலைப் போட்டது நான்தான்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தெரியும் தம்பி,” என்றார். பிறகு, “காசுக் கணக்கு ஒண்டு அனுப்பியிருக்கிறாங்கள். சரியோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுமன்.”

அவருக்கு வயது 51. வேலைக்குச் சேர்ந்தபோது 37. சட்டப்படி 41 வயதுக்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம், அதற்குப் பிந்தைய ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வாரம். முதல் 4 வருடத்துக்கு 4, அடுத்த 10க்கு 15. இருவரும் போனிலேயே கூட்டினோம். 19 வாரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.