புனிதத்தின் எல்லைக்கோடு

சமூகவியலின் தொடக்கநிலைப் பாடநூல்களில் 'சமூக உண்மை', 'கூட்டு மனச்சான்று', 'நெறியின்மை', 'புனிதம்' ஆகிய சொற்கள் பெரும்பாலும் வரையறைகளாக மட்டுமே வந்துபோகின்றன. தேர்வு முடிந்ததும் வரையறையும் மறந்துவிட, அவை எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தன என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. இச்சொற்களுக்கு அவற்றின் இன்றைய பொருளைத் தந்த பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் (1858–1917) தம் பிற்கால உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்ட கேள்வி சமயத்தைப் பற்றியது: மனிதர் தலைவணங்கும்போது உண்மையில் எதன் முன் வணங்குகின்றனர்? 1912-இல் வெளிவந்த 'சமய வாழ்வின் தொடக்க வடிவங்கள்' என்னும் நூலில் அவர் தந்த விடை, தெய்வம் என்று உணரப்படும் ஆற்றல் சமூகத்தின் ஆற்றலே என்பதாகும். இவ்விடை இறைநம்பிக்கையைக் குலைக்கிறதா என்பதைப் பற்றி நெடுங்காலம் வாதங்கள் நடந்தன. அதனினும் கடினமான கேள்வியொன்று அந்த விடைக்குள்ளேயே இருக்கிறது: புனிதத்தின் ஊற்று சமூகமே என்றால், அச்சமூகம் அநீதி இழைக்கும்போது அதனை எந்த அளவுகோலால் அளப்பது?

துர்கைமின் சிந்தனைக்கு அடித்தளம் 'சமூக உண்மை' என்னும் கருத்து. தனிமனிதருக்கு வெளியே நின்று, அவர் விரும்பினும் விரும்பாவிடினும் அவரை ஒருவழிப்படுத்தும் வன்மையுடைய செயல், சிந்தனை, உணர்வு முறைகளை அவர் இப்பெயரால் சுட்டினார். மொழியும் நாணயமும் மணவிதிகளும் இவ்வகையின. மீறுபவருக்குச் சட்டத்தின் தண்டனையோ ஊராரின் ஏளனமோ நேர்வதிலிருந்து அவற்றின் வன்மை புலப்படும். ஒரு சமூகத்தாருக்குப் பொதுவான நம்பிக்கைகளும் உணர்வுகளும் சேர்ந்த தொகுதி கூட்டு மனச்சான்று எனப்படும். ஆசைகளுக்கு எல்லை வகுக்கும் விதிகள் தளர்ந்து, எதுவரை விரும்பலாம் என்பதே தெரியாமற்போகும் நிலை நெறியின்மை எனப்படும். 1897-இல் வெளியான 'தற்கொலை' என்னும் நூலில், கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்டுகளிடையே தற்கொலை மிகுந்திருப்பதற்குக் காரணம் தேடிய அவர், இரு பிரிவுகளும் தற்கொலையை ஒன்றுபோலவே கண்டிப்பதால் வேறுபாட்டைப் போதனையில் காண இயலாது என்றும், திருச்சபை தன் மக்களை எவ்வளவு இறுகப் பிணைக்கிறது என்பதிலேயே காணவேண்டும் என்றும் வாதிட்டார். சமயத்தை அதன் கோட்பாட்டைவிட அது ஏற்படுத்தும் பிணைப்பின் வழியாகப் பார்க்கும் அவரது நோக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்நோக்கு முழுமை பெற்றது மத்திய ஆஸ்திரேலியாவின் அருண்டா மக்களைப் பற்றிய ஆய்வில். துர்கைம் அங்குச் சென்றவர் அல்லர். ஸ்பென்சர், கில்லன் ஆகியோர் 1899-இல் வெளியிட்ட நூலைப் போன்ற கள ஆய்வுகளைக் கொண்டே எழுதினார். அருண்டா குலங்கள் ஒவ்வொன்றும் ஒரு விலங்கையோ தாவரத்தையோ தன் குலக்குறியாக, அதாவது குலத்தின் பெயரும் சின்னமும் உறவுமாக, கொண்டிருந்தன. குலக்குறி பொறித்த கல் அல்லது மரத் தகடுகள் 'சுருங்கா' எனப்பட்டன. அவை குகைகளில் மறைத்து வைக்கப்பட்டு, சடங்கின்போது மட்டும் மிகுந்த அச்சத்துடன் வெளியே எடுக்கப்பட்டன. குலக்குறியான விலங்கைவிட அதன் உருவம் பொறித்த தகடே கூடுதல் புனிதமாகக் கருதப்பட்டதைத் துர்கைம் கூர்ந்து கவனித்தார். பல்லிக்கோ புழுவுக்கோ இயல்பிலேயே அச்சமூட்டும் மாண்பு இல்லை. ஆகவே புனிதம் அப்பொருளிலிருந்து தோன்றியிருக்க முடியாது, அப்பொருள் எதைக் குறிக்கிறதோ அதிலிருந்தே தோன்றியிருக்கவேண்டும். அது குறிப்பதோ குலத்தை. போர்க்களத்தில் கொடிக்காக உயிர்விடும் வீரர் துணிக்காக உயிர்விடவில்லை என்பதை அவர் இதற்கு ஒப்பாகக் காட்டினார். ஆண்டின் பெரும்பகுதி சிறு குழுக்களாகப் பிரிந்து உணவு தேடித் திரிந்த மக்கள், சடங்குக்காக ஓரிடத்தில் கூடும்போது, ஆட்டமும் பாட்டும் ஒருவரது உணர்வை மற்றவரிடம் பன்மடங்காக்க, தம்மினும் பெரிய ஆற்றலொன்று தம்மை ஆட்கொண்டதாக உணர்ந்தனர். இதனையே அவர் 'கூட்டு உணர்வெழுச்சி' என்றார். உலகம் முழுவதையும் புனிதம், புனிதமல்லாதது என இரண்டாகப் பிரித்து, முன்னதைத் தடைகளால் காப்பதும், அதனை ஏற்போரை ஓர் அறக்கூட்டமாக இணைப்பதுமே சமயம் என்பது அவர் வகுத்த இலக்கணம். கடவுள் என்னும் சொல் இதில் இடம்பெறாதது தற்செயலன்று; பௌத்தத்தையும் சமயமாகக் கொள்ளும் இலக்கணத்தையே அவர் தேடினார். தமிழ்மொழியில் வழங்கும் 'சமயம்' என்னும் வடசொல்லுக்கு ஒன்றுகூடுதல், உடன்பாடு என்னும் பழம்பொருள்கள் இருப்பதை இங்கு நினைக்கலாம்.

இறைநம்பிக்கையாளர் இதற்கு எழுப்பும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று: வழிபடுபவர் தம் ஊரையோ நாட்டையோ வழிபடவில்லை, அவற்றைக் கடந்த ஒன்றையே வழிபடுகிறார். ஒரு நம்பிக்கை எவ்வாறு தோன்றியது என்பதும், அது மெய்யா என்பதும் வேறுவேறு கேள்விகள். எண்களை ஆசிரியரிடம் கற்றதால் கணக்கு பொய்யாகிவிடாது. துர்கைமும் எந்தச் சமயமும் முழுப் பொய்யன்று என்றே கருதினார். ஆயினும் அவர் ஒப்புக்கொண்ட உண்மை நம்பிக்கையாளர் கோரும் உண்மையன்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. நம்பிக்கையின் உள்ளடக்கம் அவரது விளக்கத்தில் மெலிந்துபோகிறது என்பதும் நியாயமான குறையே. தாம் மீட்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோமா என்று அறியவியலாத கால்வினியரின் தவிப்பு அவர்தம் உழைப்பு ஒழுக்கத்தை எவ்வாறு உருவாக்கியது என்று 1904–05-இல் ஆராய்ந்த மாக்ஸ் வெபர், போதனையின் பொருளைப் புறக்கணித்தால் அதனால் விளைந்த வாழ்வும் விளங்காது என்பதைக் காட்டினார்.

இந்த வாதம் முடிவின்றி நீளக்கூடியது. முன்னர்ச் சுட்டிய மற்றைக் கேள்வியோ, துர்கைம் பயன்படுத்திய சான்றுகளிலேயே தலைகாட்டுகிறது. சுருங்காவைப் பெண்களும் தீக்கை பெறாதோரும் பார்க்கவும் தொடவும் தடையிருந்தது. குலம் தன்னையே வணங்குகிறது என்றால், அக்குலத்தில் பாதியினர் தம் புனிதத்தின் முன் வரவும் உரிமையற்றவர்களாக இருந்தனர் என்பது பொருளாகும். துர்கைமின் சகோதரி மகனான மார்செல் மோசிடம் பயின்ற லூயி துய்மோன், 1949 முதல் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளரிடையே கள ஆய்வு நடத்தி, பின்னர் 1966-இல், இந்தியச் சமூகத்தின் அச்சு தூய்மைக்கும் தீட்டுக்கும் உள்ள எதிர்நிலையே என்று வாதிட்டார். அவர் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1939 ஜூலை 8 அன்று, அதே மதுரையின் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களும் நாடார்களும் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தனர். தெய்வம் அன்று மாறவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. புனிதத்தின் எல்லையைச் சமூகமே வரைகிறது என்னும் துர்கைமின் கூற்றுக்கு இது சான்றாகும். அதே வேளையில், பழைய கோட்டையும் சமூகமே வரைந்தது என்பதால், எந்தக் கோடு அறமானது என்பதற்கு அக்கூற்று மட்டும் விடை தராது.

துர்கைம் இச்சிக்கலை ஏட்டில் மட்டும் சந்தித்தவர் அல்லர். யூத மதகுருவின் மகனாகிய அவர், 1870-இல் பிரான்சு பிரஷ்யாவிடம் தோற்றபோது பழி யூதர்மீது விழுந்ததைச் சிறுவயதில் அருகிருந்து கண்டவர். ஆல்பிரெட் திரைபுஸ் என்னும் யூதரான பிரெஞ்சுப் படை அதிகாரி செய்யாத துரோகத்துக்காக 1894-இல் தண்டிக்கப்பட்டுத் தொலைதூரத் தீவுக்கு அனுப்பப்பட்டார். படையின் மாண்பும் நாட்டின் ஒற்றுமையும் ஒரு தனிமனிதரின் வழக்கைவிடப் பெரியவை என்று பலர் வாதிட்டனர். சமூகத்தைப் புனிதத்தின் ஊற்றாகக் கொண்ட அறிஞர் அவர்களுடன் நின்றிருப்பார் என்று எதிர்பார்க்கத் தோன்றும். அவரோ 1898-இல் எழுதிய கட்டுரையில், நவீன சமூகத்தில் எஞ்சியுள்ள பொதுப் புனிதம் மனித ஆளுமையே என்றும், ஒருவரது உரிமையை மிதிப்பது அச்சமூகத்தின் உயிர்நாடியையே அறுப்பதாகும் என்றும் எதிர்வாதம் செய்தார்.

அவ்வாதம் உயர்ந்தது, ஆயினும் அது கோட்பாட்டின் ஒரு பிளவை மூடவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது பிரபுக்கள் தம் சலுகைகளைத் தாமே துறந்த 1789 ஆகஸ்ட் 4 இரவைக் கூட்டு உணர்வெழுச்சிக்குச் சான்றாக அவர் 1912-ஆம் ஆண்டு நூலில் காட்டுகிறார். 1898-இல் யூதருக்கு எதிராகத் தெருக்களில் முழங்கிய கூட்டங்களிலும் அதே எழுச்சி இருந்தது. கொதிப்பின் அளவைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் இலட்சியமும் சமூகத்தின் பகுதியே என்று துர்கைம் விடையிறுத்தார். ஆனால் அதே சமூகத்தில் பிறந்த இரண்டு இலட்சியங்களுள் ஒன்றை அவர் தேர்ந்தபோது, அத்தேர்வுக்குரிய அளவுகோலைக் கூட்டத்திடமிருந்து பெறவில்லை. தீவில் தனித்துக் கிடந்த, 1906 வரை குற்றமற்றவர் என்று அறிவிக்கப்படாத, அந்த ஒரு மனிதரிடமிருந்தே பெற்றார்.