கூண்டிலிருந்து வந்த வாக்குமூலம்

2025 கோடையில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகள் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சும் அதுவாகவே இருந்தது. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த என் மகள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, செம்மணியில புதைகுழி இருக்கெண்டு முதல் கோர்ட்டில சொன்னது ஆர்?" சொன்னேன். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அவர் அந்தப் பிள்ளையின்ர கொலைக்குத் தண்டனை பெற்றவர்தானே? அவர் சொன்னதை நீங்கள் ஏன் நம்புறியள்?"

அந்தப் பிள்ளை கிருஷாந்தி குமாரசுவாமி. சுண்டுக்குளி மகளிர் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவி. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பும்போது செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். வயது 18. அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. நான்கு உடல்களும் பின்னர் அந்த வெளியிலிருந்தே தோண்டியெடுக்கப்பட்டன. அந்த ஆண்டு எனக்கு 15 வயது. அதே வீதியால் சைக்கிளில் போய்வந்தவன் நான்.

கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்த வழக்கு அது. 1998 யூலையில் தீர்ப்பு வந்தது. தண்டனைக்கு முன் சொல்வதற்கு ஏதும் உண்டா என்று கேட்டபோது, லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச வாய் திறந்தார். செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாகவும், இடங்களைத் தன்னால் காட்ட முடியும் என்றும் சொன்னார். 1999இல் அவரும் அவருடன் தண்டிக்கப்பட்ட சிலரும் காட்டிய இடங்களில் தோண்டினார்கள். 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன.

மகளின் கேள்விக்கு அன்றிரவு நான் சொன்ன பதில் என் தொழிலிலிருந்து வந்தது. நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன். ஒரு நிறுவனத்தின் தரவுகளை யாரோ அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அழித்தவனே வந்து, இன்ன சேர்வரில் இன்ன நேரத்தில் இப்படிச் செய்தேன் என்கிறான். அவன் நல்லவனா என்று நாங்கள் கேட்பதில்லை. அவன் சொன்ன சேர்வரில், சொன்ன நேரத்துப் பதிவுகளைத் திறந்து பார்ப்போம். பதிவு ஒத்துப்போனால் அந்தளவுக்கு ஏற்போம். ஒத்துப்போகாத மீதியைத் தனியே எடுத்துவைப்போம்.

சட்டமும் இதையே சொல்கிறது. இலங்கைக்கு ஆங்கிலேயர் விட்டுப்போன சாட்சியச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, குற்றத்துக்கு உடந்தையானவனும் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவனே என்கிறது. 114ஆம் பிரிவோ, முக்கியமான விவரங்களில் வேறு சான்று துணைநிற்காதவரை அவனை நம்பத் தகாதவனாக நீதிமன்றம் கருதலாம் என்கிறது. முதலில் படித்தபோது இரண்டும் முட்டிக்கொள்வதாகத்தான் தோன்றியது. பிறகு விளங்கியது: அவன் வாயை மூடாதே, ஆனால் அவன் சொல்லை அப்படியே விழுங்கவும் செய்யாதே என்பதுதான் இரண்டும் சேர்ந்து சொல்வது.

சோமரத்னவின் சொல்லுக்கு அந்தத் தகுதிகூட முழுமையாக இல்லை. சத்தியம் செய்து சாட்சிக் கூண்டில் நின்று சொன்னதல்ல அது. எவரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவுமில்லை. மரண தண்டனையை எதிர்நோக்கி நிற்பவன் பழியை மேலே தள்ளிவிடப் பார்ப்பது இயல்பு. இத்தனை சந்தேகங்களுக்கும் இடமிருந்தும், அவர்கள் காட்டிய மண்ணுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். 15 என்ற எண் 400ஐ நிரூபிக்கவில்லை. 400ஐப் பொய்யாக்கவும் இல்லை. கைகாட்டிய இடத்தில் கொடுமை நடந்தது என்பதை மட்டும் அது உறுதிசெய்தது. 2025இல் சித்துப்பாத்தியில் 200க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் வெளிவந்தபின்னும் நமக்குள்ள கடமை அதேதான்: அவை யாருடையவை, எப்போது, எப்படி என்று எலும்பு எலும்பாகக் கேட்பது.

மகள் தலையாட்டினாள். ஆனால் எனக்கு நித்திரை வரவில்லை. அவளுக்குச் சொன்னதில் ஒரு பொய் இருந்தது. நான் சோமரத்னவை நம்பியது பதிவுகளைச் சரிபார்த்த பிறகல்ல. 1998இல் அவர் சொன்ன செய்தி காதுக்கு எட்டிய கணத்திலேயே நம்பிவிட்டேன். அவர் சொன்னது நாங்கள் ஏற்கெனவே அறிந்திருந்ததை ஒத்திருந்தது. எங்களுக்கு அது தேவையாகவும் இருந்தது.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு நண்பர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ் நகரில் கொடுக்கப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடுத்த உடுப்போடு போன குடும்பம் அவருடையது. பல வருடங்களுக்கு முன் ஒரு கோப்பிக் கடையில், தன் பெரியப்பாவைக் கடையிலிருந்து கூட்டிப்போனதையும், அவர் திரும்பாததையும் சொன்னார். நான் கேட்டேன்: "கூட்டிக்கொண்டு போனது அவங்கள்தான் எண்டு எப்படித் தெரியும்? கண்ணால கண்டது ஆர்?"

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நான் கண்டனான் தம்பி. எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு," என்றார். பிறகு பேச்சை ஹொக்கிக்கு மாற்றிவிட்டார்.

என் கேள்விகள் தம்மளவில் பிழையில்லை. எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேட்கும். பிழை வேறு இடத்தில் இருக்கிறது. கொலைக்குத் தண்டிக்கப்பட்ட ஒருவரிடம் நான் கேட்காத கேள்விகளை, தன் பெரியப்பாவை இழந்தவரிடம் கேட்டேன். ஒருவர் எனக்கு வேண்டியதைச் சொன்னார், மற்றவர் எனக்கு வேண்டாததைச் சொன்னார். வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

சாட்சியைச் சோதிப்பது அவமதிப்பாகாது. சோதிப்பவன், தான் சொல்வதை ஏற்கவும் ஆயத்தமாக இருக்கிறான் என்று சாட்சி நம்பினால், அது மரியாதையும்கூட. நான் அன்று ஏற்க ஆயத்தமாக இருக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. செம்மணிக்கு உலகம் காதுகொடுக்க வேண்டும் என்று பதாகை பிடிக்கிற நாங்கள், எங்களிடம் சொல்லப்படுவதற்கும் அதே காதைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் கேட்பதை நீதி என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அதற்குமுன் அந்த நண்பருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு பாக்கி இருக்கிறது. பெரியப்பாவின் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை.