மின்சாரமும் அமானிதமும்



மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. திரி புகைந்தால் வீட்டார் எழுந்து தணித்தனர். இன்று பழுதுபட்ட மின்சாரமோ பல வேளைகளில் யாதொரு அடையாளமும் காட்டாமல் சுவருக்குள் காத்திருக்கிறது.

நம்மவர் பலர் கீழே கடையும் மேலே சிப்பந்திகளுக்கு அறைகளும் வைத்திருக்கிறோம். நீலாய் 3-இல் துணியும் கம்பளமும் நிறைந்த கடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு கடையில் பற்றும் தீ, பக்கத்துக் கடைக்காரரின் அனுமதி கேட்டா பரவும்?

தராசுக்குத் தவறாமல் முத்திரை பெறுகிறோம். தராசு பிழைத்தால் வாடிக்கையாளருக்குக் காசு நஷ்டம். வயர் பிழைத்தால் உயிர் நஷ்டம். முன்னதை மோசடி என்கிறோம், பின்னதை விதி என்கிறோம். இது நியாயமாகுமா?

"பெட்டியில் சுவிட்சு இருக்கிறதே, அது காக்காதா?" என்பார் உளர். 20 ஆம்பியர் சுவிட்சு காப்பது வயரையே; மனிதரை அன்று. உடலில் பாயும் 30 மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். அது 20 ஆம்பியரில் அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைவு! ஆதலால்தான் மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள், கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சாதனத்தை வற்புறுத்துகின்றன. ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவே உரியது.

அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தியும் விழவில்லையேல் அதை நம்பலாகாது. தானாகவே விழுந்தால், பிளக்குகள் யாவையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை ஏற்றி, உலர்ந்த கையால் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கலாம். எதைச் செருகியதும் விழுகிறதோ, அதை ஒதுக்குக. ஒன்றும் செருகாதபோதே விழுமானால் பழுது பெரும்பாலும் வயரில். பதிவு பெற்ற வயர்மேனையே அழைக்க வேண்டும். வியாபாரம் கெடுகிறதென்று அச்சாதனத்தைத் தாண்டி வயர் இழுப்பது, உண்மை சொல்லும் சாட்சியின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

"இந்த மாதம் போகட்டும், செலவு அதிகம்" என்று நாமும் தள்ளிப்போட்டதுண்டு. ஆனால் மிச்சமானது யாருடைய பணம்? பணயமானது யாருடைய உயிர்? குளியலறைக் குழாயைத் தொட்டால் சுரீரென்கிறது என்று சொல்லவும் தயங்குகிறான் மாடியில் தூங்கும் பையன். அவனைக் கேளாமல் அவன் உயிரை ஈடாக வைத்து வாங்கிய கடனைச் சிக்கனம் என்று சொல்லலாமா?

பெட்டியின் சாவி யார் கையிலோ, அமானிதமும் அவர் கையில்தான். இன்றிரவு கடை சாத்துமுன் அப்பொத்தானை அழுத்திப் பார்ப்போமாக. அப்படியே மாடிப் பையனையும் ஒரு வார்த்தை விசாரிப்போமாக.