துரையைக் கண்டால் இறங்கு

1941-ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை யாரும் எதிர்பார்க்கக்கூடியவை. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், நோய்க்கு ஒழுங்கான மருந்து. பெண்களிடம் துரைமாரும் அவர்களுக்குக் கீழிருந்தவர்களும் நடத்தும் அத்துமீறல் நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். சங்கம் வைக்க உரிமை வேண்டும். இவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரை முன்னாலும் தோட்டத்து உத்தியோகஸ்தர் முன்னாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும்.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்த வரியைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. ஆண் தொழிலாளியின் நாள் கூலி ஐம்பது காசாக இருந்த காலம் அது. வயிற்றுப்பாட்டுக்குப் போராடியவர்களுக்குச் சைக்கிள் ஏறும் உரிமை ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று நின்று கேட்கத்தான் வேண்டும்.

பால்வெட்டுக்காரர் காட்டுக்குக் கொண்டுபோகும் சாமான் கொஞ்சநஞ்சமல்ல. விடியலின் குளிரில்தான் மரம் நன்றாகப் பால் கொடுக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்ததும் இருட்டோடு இருட்டாகக் கிளம்ப வேண்டும். உளி, அதைத் தீட்டும் கல், பட்டையில் காய்ந்த ஓட்டுப்பாலுக்கு ஒரு பை, பால் வடியும் மங்கைத் துடைக்கத் துணி, சாப்பாட்டுத் தூக்கு, வாளிகள், அவற்றைச் சுமக்கக் காண்டாக் கம்பு. பெரும்பாலோர் இதையெல்லாம் உடம்பால்தான் சுமந்தார்கள். வெட்டுவதற்குத் தூரத்து நிரை, அதாவது மர வரிசை, கிடைத்தவரும் எப்படியோ நாலு காசு மிச்சம் பிடித்தவரும் சைக்கிளில் கட்டினார்கள். கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் அறுத்த வார். கயிறு குலுக்கலில் தளர்ந்துவிடும். ரப்பர் வார் தளராது. அவர்கள் வெட்டி அனுப்பிய பால் சீமைக்குப் போய், டியூபாகத் திரும்பி வந்து, அவர்கள் வாளியையே இறுக்கிக் கட்டியது.

திரும்பும்போது வாளியில் பால் இருக்கும். பின்பாரம் ஏறிய சைக்கிளுக்கு முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் பிழையில்லை. நிறுத்துவதில்தான் வம்பு. கேரியரில் வாளி இருப்பதால் காலைப் பின்னால் வீசி இறங்க முடியாது. முன்பாருக்கு மேலே காலை மடக்கி எடுக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் வண்டி சாயும், மூடி விலகும், பால் தளும்பும். மண்ணில் சிந்திய பால் தராசுக்கு வராது. இன்றைக்கு ஏன் குறைவு என்று தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்பவர் கிராணி, தோட்டத்து எழுத்தர். வழியில் யாரைக் கண்டு இறங்கினாரோ, அதே கிராணி.

இறங்கினால் பால் போகும், இறங்காவிட்டால் பேர் கெடும். பேர் கெட்டவருக்கு அடுத்த மாதம் எந்த மேட்டு நிரை கிடைக்கும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த பெருமை முழுவதையும் வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட முடியாது. ஊர்த்தெருவுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் ஒரு பகுதி மக்களுக்கு விதித்த சட்டம், மலாயாத் தோட்டத்துக்கு எந்த வகையிலும் பின்தங்கியதல்ல. கப்பலேறி வந்தவர்களில் பலருக்கு இது பழக்கப்பட்ட பாடம். மேலே நின்ற ஆளின் நிறம் மட்டும் மாறியிருந்தது. அதுவும் எல்லா இடத்திலும் மாறவில்லை. கிராணிமாரில் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர், மலையாளிகள். தமிழ் பேசும் உத்தியோகஸ்தரை நியமியுங்கள் என்று கேட்ட அதே பட்டியல், ஆசிய உத்தியோகஸ்தர் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும் சொன்னது. மொழி வேண்டும், மிதி வேண்டாம் என்பது அதன் தெளிவு.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் விவேகானந்தா ஆசிரமத்தை நிறுவியவர்களும், ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்களும் யாழ்ப்பாணத்துக் கிராணிமாரைப் போன்ற இலங்கைத் தமிழர்கள்தாம். படிப்பும் பக்தியும் அந்தச் சமூகத்தில் குறைவில்லை. அரசாங்க அலுவலகத்துக்கும் ரயில்வேக்கும் போய்வந்த அவர்கள் தம் மேலதிகாரி எதிரே வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்று யாரும் பட்டியல் போட்டு எழுதவில்லை. படித்தவர்களின் பணிவுக்கு மரியாதை என்று பெயர் வந்துவிடுகிறது. கோரிக்கையாக மாற அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

தொழிலாளி எதைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு பாரமும் தூக்கலாம். ஏறி உட்கார்ந்து தூக்குவதுதான் உறுத்தியது. தமிழ்நாட்டிலும் இதையே பார்க்கலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள் உட்பட ஏராளமானோர் கற்றுக்கொண்டார்கள். அதுவரை தண்ணீர்க் குடமும் பிள்ளையும் விறகும் சுமந்து அந்தப் பெண்கள் மைல் கணக்கில் நடந்தபோது வாயைத் திறக்காத ஊரார், அதே குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவர்கள் கடந்துபோனபோது பேசத் தொடங்கினார்கள்.

கிள்ளானில் பேச்சோடு முடியவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1941 மே மாதம் அவரைக் கைதுசெய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, ராணுவம் இறங்கியது, தொழிலாளர் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். உலகப் போருக்கு ரப்பர் தேவைப்பட்ட வேளை. ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்று அதிகாரிகள் நிம்மதி அடைந்திருப்பார்கள்.

அந்த நிம்மதி ஏழு மாதம் நீடித்தது. டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். தீபகற்பத்தின் நீளத்தை அவர்கள் கடந்த விதம் இன்றும் ராணுவக் கல்லூரிகளில் பாடம்: ஆயிரக்கணக்கான சைக்கிள்கள், ஹேண்டிலில் துப்பாக்கி, முதுகிலும் கேரியரிலும் தொழிலுக்கு வேண்டிய தளவாடம். போருக்கு முன் ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவில் நிறைய விற்றிருந்ததால் உதிரிச் சாமானுக்கும் பஞ்சமில்லை. போதாததற்கு உள்ளூர்க்காரர்களிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிர்த்தரப்பு மிரண்டது உண்டு. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கையில். துரைமார் ஏற்கெனவே காரில் தெற்கே போயிருந்தார்கள். சைக்கிளில் வந்தவனை இறங்கச் சொல்ல ஆளில்லை.

தோட்டத்துத் தமிழருக்கு இதில் மகிழ ஒன்றுமில்லை. இறங்கி நிற்கும் வழக்கம் போய், ஜப்பானியக் காவலன் முன் குனிந்து நிற்கும் வழக்கம் வந்தது. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையின் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் பேருக்குச் சைக்கிளைப் பற்றி நினைக்க நேரமிருந்திருக்காது.

போர் முடிந்து 1948-இல் இன்னொரு அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதென்று வேலிக் கதவுகளில் சோதனை. பம்புக்குள்ளும் சட்டகக் குழாய்க்குள்ளும் அரிசி கடத்தப்பட்ட காலம் என்பதால், காலையில் வேலைக்குப் போகிறவர் மறுபடியும் இறங்கி நின்றார். இம்முறை காரணம் மரியாதையல்ல, பாதுகாப்பு. இறங்கி நிற்பவருக்கு வித்தியாசம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது தனிக்கேள்வி.

பிறகு கப்சாய் வந்தது. ஹோண்டாவின் அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள் பால்வாளியையும் ரொட்டிப் பெட்டியையும் தச்சர் சாமானையும் சைக்கிளிடமிருந்து வாங்கிக்கொண்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போட்டார்கள். உலகில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். நல்ல காரியம். தோட்டங்களும் ஒவ்வொன்றாய்ப் போயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது, சுங்கை ரெங்கம் ஷா ஆலம் ஆனது. பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சார், பெயரிலேயே ஒரு ரப்பர்க் கம்பெனியின் இரண்டு முதலாளிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

சைக்கிள் இப்போது திரும்பி வந்திருக்கிறது, வேறு ஆளாக. டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கமாக மிட்வேலிக்கு 2015-இல் ஐந்தரை கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறந்தார்கள். 2018-இல் நகர மையத்தில் நீலச் சாயம் பூசிய தடங்கள் வந்தன. சாயம் காய்வதற்குள் கார்கள் அதில் ஓய்வெடுக்கத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில சாலைகளைக் காருக்கு மூடி, சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் விடுகிறார்கள். அங்கே வரும் சைக்கிள்களில் கேரியரே கிடையாது. எடை குறையக் குறைய விலை ஏறும் வண்டிகள் அவை. பாரம் என்று பார்த்தால் ஒரு தண்ணீர்ப் புட்டி. அவர்கள் மேல் எனக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்குச் சாமான் கட்டிக்கொண்டு போகிறவன் ஞாயிறு காலையில் போவதில்லை, அந்தப் பாதையை வரைந்தவர் மனத்தில் அவன் வந்ததாகவும் தெரியவில்லை.

அவன் இன்னும் இருக்கிறான். கிள்ளான் பக்கத்துக் காப்பார், மேரு சாலையோரங்களில் பார்க்கலாம். பெரும்பாலும் வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர். முன்னாள் தோட்ட நிலத்தில் எழுந்த ஒரு காவலிட்ட குடியிருப்புக்கு உறவினரைப் பார்க்கப் போனேன். வாசலில் எனக்கு முன்னால் ஒருவர், சைக்கிளில் புல்வெட்டும் மிஷினை நீளவாக்கில் கட்டியிருந்தார். எஞ்சின் கேரியரில், தண்டு ஹேண்டிலைத் தாண்டி ஒரு முழம் வெளியே, பெட்ரோல் கேன் இந்தப் பக்கம் தொங்கியது. கட்டியிருந்தது டியூப் வாரால்தான். காவலர் கைகாட்ட, அவர் காலை முன்பாருக்கு மேலே மடக்கி எடுத்து இறங்கினார், அட்டையைக் கொடுத்தார், தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தார். அவர் வேலை செய்ய வேண்டிய பூங்கா கடைசி வரிசையில் இருக்கிறதாம்.

காவலர் நம்மவர், அறுபதைத் தாண்டியவர். "ஐயா, அட்டையப் பாத்தாச்சில்ல, ஏறிப் போகச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொல்லலாம் தம்பி. வீட்டுக்காரங்க கம்ப்ளேன் பண்ணுவாங்க. வேலையாளுங்க உள்ள சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு கமிட்டியே எழுதி ஒட்டியிருக்கு பாருங்க."

ஒட்டியிருந்தது. மலாயிலும் ஆங்கிலத்திலும். பிள்ளைகள் விளையாடும் இடம் என்று காரணமும் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த விதி கார்களுக்கு: மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.